கேஸ் கீழே போகும்: விறகடுப்புப் பழக்கத்தில் நாம் செய்யும் தவறுகள்

என் பாட்டி விறகடுப்பில் சமைத்தவர். மழைக்காலத்தில் ஈர விறகு பற்றாது. ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி, கண் சிவந்து, ஒரு பானை சோறு வடிப்பதற்குள் இருமித் தீர்ப்பார். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, திருகியதும் எரிகிற நீல நெருப்பை இன்றைக்கும் நன்றியோடுதான் பார்க்கிறேன். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த அந்த 14.2 கிலோ சிலிண்டர் நம் ஊர்ப் பெண்களுக்குச் செய்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அடுப்பு மாறியும் பழக்கம் மாறவில்லை. நம் தவறுகளில் பலவும் அதிலிருந்துதான் வருகின்றன.

புகை மேலே போகும். அதனால்தான் அந்தக் காலத்தில் கூரையில் புகைபோக்கி வைத்தார்கள், ஜன்னலை உயரத்தில் வைத்தார்கள். கேஸ் அப்படி இல்லை. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் பரவி, மேடைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கி நிற்கும். காற்றில் 2 சதவீத அளவுக்குக் கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, புதிதாகக் கட்டும் வீடுகளின் சமையலறையைப் பாருங்கள். சிலிண்டர் கண்ணில் படக் கூடாது என்று மேடைக்கு அடியில் அலமாரி செய்து, கதவு போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். கசிகிற கேஸ் அந்தப் பெட்டிக்குள்ளேயே சேரும், வாசனையும் தாமதமாகத்தான் வெளியே வரும். ஆசாரியிடம் சொல்லி, கதவின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி ஓட்டைகள் போட்டுக்கொள்ளுங்கள். மேலே மட்டும் ஓட்டை போட்டால் பயனில்லை.

அடுத்தது, இருப்பதிலேயே பெரிய தவறு. கேஸ் வாசனை வந்ததும் கை தானாக எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்சுக்குப் போகும். புகையை விரட்டிய பழக்கம் அது. ஸ்விட்சுக்குள் எழும் சின்னப் பொறி போதும், வீடே தீப்பிடிக்க. போடுவது மட்டுமல்ல, ஓடுகிற ஃபேனை அணைப்பதும் அதே பொறியைத்தான் உண்டாக்கும். எந்த ஸ்விட்சையும் தொடாமல் அடுப்பின் திருகுகளை மூடுங்கள், ரெகுலேட்டரை மூடுங்கள். கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள். கசிவுக்கான அவசர எண் அது.

சிலிண்டர் வாயில் நூலில் கட்டித் தொங்கும் மூடியைப் பலர் அறுத்து எறிந்துவிடுகிறார்கள். சில வீடுகளில் அது குழந்தைகளின் விளையாட்டுச் சாமான். வால்வே கசிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு அழுத்திப் போட அந்த மூடி ஒன்றுதான் இருக்கிறது. சிலிண்டர் திரும்பிப் போகும் வரை அது அங்கேயே தொங்கட்டும்.

கேஸ் தீரும் நேரத்தில் சிலிண்டரைப் படுக்க வைப்பது, உருட்டுவது, வெந்நீரில் நிறுத்துவது எல்லாம் நம் வீடுகளில் நடக்கிறது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட திரவம். நிமிர்ந்து நின்றால் அதன் மேலே நிற்கும் வாயு மட்டும் வெளியே வரும். படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் இறங்கி, வெளியே வந்ததும் சுமார் 250 மடங்கு விரியும். அந்த நெருப்பை உங்கள் பர்னர் தாங்காது. எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், திரவம் இருக்கும் இடம் வரை ஈரம் நிற்கும். அந்தக் கோடுதான் அளவு.

சரி, சிலிண்டர் வாங்கும்போது? சீல் பார்க்கிறோம், அதோடு விட்டுவிடுகிறோம். காலி எடை சிலிண்டரிலேயே எழுதியிருக்கும். அதோடு 14.2-ஐக் கூட்டி, கொண்டுவருபவரின் தராசில் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. மேல்வளையத்தைத் தாங்கும் தகடு ஒன்றின் உட்பக்கத்தில் B-27 போல ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். A என்றால் ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், C ஜூலை முதல் செப்டம்பர், D அக்டோபர் முதல் டிசம்பர். எண் வருடத்தைக் குறிக்கும். அது கேஸ் கெட்டுப்போகும் தேதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு அது. கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

அடுப்பு பக்கம் வந்தால், பால் பொங்கி நெருப்பை அணைப்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மேடையைத் துடைப்பதில்தான் கவனம் போகும். திருகு திறந்தபடியே இருக்கும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். முதலில் திருகை மூடுங்கள், துணி அப்புறம். பற்ற வைக்கும்போதும் வரிசை முக்கியம்: லைட்டர் பர்னர் அருகே வந்த பிறகுதான் திருக வேண்டும். கசிவு பார்க்க நெருப்புக்குச்சி வேண்டாம், சோப்பு நுரை போதும். கசிகிற இடத்தில் குமிழி கிளம்பும்.

நெருப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றிக் கழுவுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அதை வெளியே மாற்றுங்கள். மூடிய சின்ன அறையில் அது உண்டாக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்துவிடுவார், கதவோ உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும்.

டியூபை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் யாருக்கும் நினைவு இருப்பதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிற டியூபையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், விரிசல் கண்டால் அன்றைக்கே. அழுக்காகாமல் இருக்கத் துணி சுற்றி வைத்தால் விரிசல் கண்ணில் படாது. எங்கள் வீட்டில் மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரால் டியூபின் மேலேயே எழுதி வைத்திருக்கிறோம்.