மலையகத்து சைபர்பங்க் ஆட்டத்துக்குத் துப்பாக்கி எழுதுவது எப்படி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை ஆட்டம் இது; சைபர்பங்க் என்றால் கம்பனிகள் ஆளும், உடம்பில் மெஷின் வைத்த எதிர்காலக் கதை. அதை நடத்தும் கேம் மாஸ்டர் புதுத் துப்பாக்கி எழுத உட்கார்ந்தால் அநேகமாக முதலில் எழுதுவது சேத எண்ணைத்தான், அதாவது ஒரு அடி எதிராளியின் உயிர்ப்புள்ளியில் எவ்வளவு கழிக்கும் என்பதை. அதைக் கடைசிக்கு வையுங்கள். இந்தத் துப்பாக்கி எப்போது சொதப்பும், சுட்டால் யாருக்குத் தெரியவரும், தோட்டாவுக்கு யார் சல்லி கட்டுகிறார்கள் என்று மூன்று வரி எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் ஆட்டம் 2090இல் இலங்கை மலையகத்தின் அட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாநகரத்துக்கு எழுதிய ஆயுதப் பட்டியலை அப்படியே இங்கே இறக்கினால் சரிவராது, ஏனென்றால் இங்கே முதல் விதி மூடுபனி. லேசர் என்பது வெறும் ஒளி, பனியில் மிதக்கும் நீர்த்துளிகள் அதை நாலாபக்கமும் சிதறடித்துவிடும். அதனால் தெளிந்த காலையில் லேசருக்கு முழுச் சேதம், மெல்லிய பனியில் பாதி, பக்கத்துத் தேயிலைச் செடியே தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால் சேதமே இல்லை. அப்புறம் இன்னொன்று, பனியில் லேசர் கோடு அப்படியே கண்ணுக்குத் தெரியும், எங்கிருந்து சுட்டீர்கள் என்று மலை முழுக்கக் காட்டிக்கொடுத்துவிடும். அகச்சிவப்பு லேசர் என்றால் வெறுங்கண்ணுக்குத் தெரியாதுதான், ஆனால் கண்ணில் மெஷின் வைத்தவர்களுக்குத் தெரியும், அதையும் அந்தத் துப்பாக்கியின் விவரக் கார்டில் எழுதிவிடுங்கள்.

உயரத்தை விதியாக்கப் போகாதீர்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு, தோட்டா கொஞ்சம் கூடுதலாகப் போகும், எல்லாம் உண்மைதான். ஆனால் அதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டம் படுத்துவிடும்.

இப்போது ஒரு கார்டை முழுதாக எழுதிப் பார்ப்போம். பெயர் கங்காணி, கம்பனிக் காவலாளிகளுக்குக் கொடுக்கும் கைத்துப்பாக்கி. கைப்பிடியில் ஒரு சிப் இருக்கிறது, அது குறியைத் திருத்தித் தருவதால் சுடும் பகடைக்கு 2 கூடும். விசையை அழுத்தும்போதெல்லாம் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று கம்பனியின் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், ஏறிவிடும். தோட்டத்தில் முழுநாள் வேலைக்கு முழுப் பேர், பாதிக்கு அரைப் பேர் என்று பதிவதைப் போலத்தான் இதுவும். பட்டால் முழுப் பேர், தோட்டா கம்பனிக் கணக்கு. தப்பினால் அரைப் பேர், தோட்டாக் காசில் பாதி சுட்டவரின் சம்பளத்தில் வெட்டு. சிப்பைக் கழற்றலாம், ஆனால் அந்த 2 போய்விடும், அதோடு அன்றிலிருந்து அது களவுச் சாமான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கோடியில் பதுங்கியிருக்கும் ஒருத்தியின் கையில் இது இருக்கிறது, தலைக்கு மேலே ட்ரோன் சுற்றுகிறது, சுட்டால் விழும், ஆனால் சுட்ட இடம் அடுத்த நொடியே துரை பங்களாத் திரையில் வந்துவிடும். சுடட்டுமா வேண்டாமா என்று மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்குவார்கள், அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் துப்பாக்கி எழுதுகிறேன்.

இன்னொன்று, ரோதை. காந்தச் சுருளால் இரும்பு ஊசியை எறியும் நீளத் துப்பாக்கி, பழைய தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) மோட்டாரின் செம்புக்கம்பியைப் பிரித்துச் சுற்றியது. வெடிமருந்தே இல்லை, பனியும் இதை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு முறை சுட்டால் அடுத்த சுற்று முழுக்க மின்சாரம் ஏற வேண்டும், ஏறும்போது கிர்ரென்று இரையும், பக்கத்தில் நிற்பவன் கேட்டுவிடுவான்.

சரி, இனி சேத எண். ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டினால் வரும் 36 விதங்களில் 6 விதம் கூட்டுத்தொகை 7, 2 அல்லது 12 வருவது தலா ஒரே ஒரு விதம், அதாவது நடு எண்தான் அடிக்கடி விழும். நம்பிப் பாவிக்கக்கூடிய துப்பாக்கிக்கு அதுதான் பொருத்தம், அதனால் கங்காணிக்கு இரண்டு பகடை. எப்போது என்ன செய்யும் என்று தெரியாத ஆயுதத்துக்கு ஒரே ஒரு பத்துமுகப் பகடை போதும், 1க்கும் 10க்கும் ஒரே வாய்ப்பு.

எத்தனை அடியில் ஆள் விழ வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். உயிர்ப்புள்ளி 30 என்றால் சராசரி 7 சேதத்துக்கு ஐந்தாவது அடியில் விழுவார். அதே ஆளுக்கு ஒவ்வொரு அடியிலும் 4 கழிக்கும் கவசம் போட்டுவிட்டால் சராசரி 3க்கு இறங்கி, ஏறக்குறைய பத்து அடி தேவைப்படும். பலர் துப்பாக்கியைத் திருத்தித் திருத்தி எழுதுவார்கள், கவசத்தைத் தொடவே மாட்டார்கள், அப்புறம் சண்டை ஏன் இழுக்கிறது என்று கேட்பார்கள்.

கார்ட் ரெடியானதும் ஒரு சின்னச் சண்டையை இரண்டு தரம் ஓட்டுங்கள், ஒருதரம் வெயிலில், ஒருதரம் பனியில். இரண்டிலும் எல்லோரும் அதே துப்பாக்கியையே எடுத்தால் அதன் சேதத்தைக் குறைக்காதீர்கள், தோட்டா விலையை ஏற்றுங்கள்.