முதலில் லென்ஸ், பிறகு லெவல்: புரொஜெக்டர் படத்தைச் சரிசெய்யும் முறை

புரொஜெக்டரை மாட்டியதும் பலர் ரிமோட்டை எடுத்து நிறத்தைத்தான் கூட்டிக் குறைப்பார்கள். நிறம் கடைசி வேலை. லென்ஸ் நேராகி, கறுப்பும் வெள்ளையும் சரியாக அமைந்துவிட்டால் நிறத்தில் கைவைக்க அதிகம் இருக்காது.

ஆன் செய்யும் முன்பே லென்ஸில் உள்ள தூசியைக் காற்று பல்பால் ஊதி, மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடையுங்கள். அதன்மேல் நேரடியாக எந்தத் திரவத்தையும் தெளிக்காதீர்கள். பிறகு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். லென்ஸும் அதைத் தாங்கும் பாகங்களும் சூட்டில் சற்று விரியும் என்பதால், குளிர்ந்த நிலையில் வைத்த ஃபோகஸ் படம் ஓட ஓட நழுவிவிடும்.

கோணலாக விழும் படத்தை மென்பொருளால் செவ்வகமாக்கும் அமைப்புதான் கீஸ்டோன்; அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஆட்டோ கீஸ்டோன் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். ரசமட்டம் வைத்துப் புரொஜெக்டரைச் சமப்படுத்திவிட்டு, திரையில் விழும் படத்தின் இடது, வலது ஓர உயரங்களை டேப்பால் அளந்து பாருங்கள். 100 அங்குல 16:9 படத்துக்கு அகலம் சுமார் 221 செ.மீ., உயரம் 125 செ.மீ. வலது ஓரம் அதிக உயரமாக இருந்தால் புரொஜெக்டர் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை இடப்பக்கம் திருப்பி, படம் நகர்ந்த அளவை லென்ஸ் ஷிஃப்டால் (புரொஜெக்டரை அசைக்காமல் லென்ஸால் படத்தை நகர்த்தும் வசதி) ஈடுகட்டுங்கள். ஷிஃப்ட் இல்லாத மாடலில் ஸ்டாண்டையே நகர்த்த வேண்டும். கீஸ்டோனால் இதைச் சரிசெய்வது சுலபம்தான். ஆனால் அது படத்தைச் சுருக்கி பிக்சல்களை வீணாக்கும், மெல்லிய கோடுகளை மங்கலாக்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள். ஷிஃப்டையும் கடைசி எல்லைவரை தள்ளினால் மூலைகள் மங்கும்.

லென்ஸை மாற்றிப் பொருத்தக்கூடிய மோட்டார் மாடல்களில், புது லென்ஸ் போட்டதும் மெனுவில் லென்ஸ் கேலிப்ரேஷனை ஓட்டுங்கள். லென்ஸ் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்ந்து தன் எல்லைகளைப் பதிந்துகொள்ளும். இதைச் செய்யாவிட்டால், சேமித்த ஜூம், ஃபோகஸ் நிலைக்கு லென்ஸைக் கொண்டுபோகும் லென்ஸ் மெமரி தவறான இடத்தில் போய் நிற்கும். நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்.

முதலில் ஜூம், அப்புறம் ஃபோகஸ். ஜூமை மாற்றினால் ஃபோகஸும் நகரும். திரைக்கு ஓரடி தூரத்தில் நின்று பொடி எழுத்தையோ கட்டக்கோடுகளையோ பாருங்கள். நட்ட நடுவில் மட்டும் கூர்மையாக்கினால் மூலை தேறாது. நடுவுக்கும் மூலைக்கும் பாதித் தூரத்தில் உள்ள இடத்தைப் பார்த்து வையுங்கள். மோட்டார் லென்ஸில் கியர் ஆட்டம் (பற்களுக்கிடையே சிறு தளர்வு) இருக்கும். கூர்மையான இடத்தைக் கடந்துபோய்விட்டால் நன்றாகப் பின்வாங்கி, பழைய திசையிலிருந்தே மறுபடி வந்து நிறுத்துங்கள்.

சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி பேனல் உள்ள மூன்று பேனல் புரொஜெக்டரில் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ தெரிகிறதா? திரை முழுக்க ஒரே அளவில் இருந்தால் பேனல் அலைன்மென்ட் மெனுவில் சரியாகும். மூலைக்குப் போகப் போக அதிகமானால் அது லென்ஸின் குறை, மெனுவால் தீராது. நுண்கண்ணாடிகள் கொண்ட ஒரே சிப்பால் படம் காட்டும் டிஎல்பி வகையில் அலைன்மென்ட் வேலையே கிடையாது.

இனி லெவல், அதாவது கறுப்பு, வெள்ளையின் அளவு. அறையை இருட்டாக்குங்கள். முதலில் ஹெச்டிஎம்ஐ ரேஞ்ச், அதாவது கேபிளில் வரும் சிக்னலில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் தரப்படும் எண்கள்: பிளேயரும் புரொஜெக்டரும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வீடியோ 16–235, கணினி பெரும்பாலும் 0–255. புரொஜெக்டர் 0–255 எதிர்பார்க்க 16–235 வந்தால் கறுப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும். எதிர்மாறாக நடந்தால் நிழலில் உள்ள விவரமெல்லாம் கரிக்கட்டையாகிவிடும். இது சரியாகாமல் பிரைட்னஸைத் தொடுவது வீண்.

ஏவிஎஸ் ஹெச்டி 709 போன்ற இலவச டெஸ்ட் பேட்டர்னைப் போடுங்கள். பிரைட்னஸைக் கூட்டி இருண்ட பட்டைகள் எல்லாம் தெரியும்படி செய்து, பிறகு மெதுவாகக் குறையுங்கள். 16 என்ற எண்ணுள்ள பட்டை பின்னணியோடு கலந்து, 17 அல்லது 18 மட்டும் கண்ணுக்குக் கஷ்டப்பட்டுத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்து கான்ட்ராஸ்ட். 230, 234 பட்டைகள் வெள்ளையில் மறையும்வரை ஏற்றி, மறுபடி பிரியும்வரை இறக்குங்கள். ஏற்றும்போது வெள்ளையில் இளஞ்சிவப்போ பச்சையோ சாயல் ஏறினால், ஒரு நிறம் மட்டும் முன்னதாக உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். சாயல் போகும்வரை இறக்க வேண்டும். கான்ட்ராஸ்டை மாற்றினால் கறுப்பும் நகரக்கூடும் என்பதால் பிரைட்னஸை இன்னொரு முறை பாருங்கள்.

ஷார்ப்னஸை, கோட்டின் பக்கத்தில் வெள்ளை நிழல் விழாத அளவுக்குக் குறையுங்கள். கலர் டெம்பரேச்சரை (வெள்ளையின் சாயலைக் காட்டும் கெல்வின் அளவு) 6500-க்கு அருகில் வைத்துவிட்டால் நிற வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். எச்டிஆர் (ஒளி, இருள் வேறுபாடு அதிகமுள்ள வீடியோ வகை) படங்களுக்கு இந்த அளவுகள் செல்லாது, அவற்றுக்கான அளவுகளைத் தனி மெமரியில் சேமியுங்கள். விளக்கின் ஒளியைக் குறைக்கும் ஈகோ மோடுக்கு மாறினாலும், விளக்குக்கு வயதாகி ஒளி குறைந்தாலும் கான்ட்ராஸ்டை மீண்டும் சோதியுங்கள்.