ஏழே முக்கால் வேன்: பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் காலையை ஒழுங்குக்குக் கொண்டுவருவது எப்படி

வேலைக்குப் போகும் அப்பா, அம்மா. ஆறாம் வகுப்பில் ஒரு பெண், ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன். ஒரே குளியலறை, இரண்டு பர்னர் அடுப்பு, 7:45-க்குத் தெருமுனையில் வேன். தமிழ்நாட்டின் நகரங்களில் இப்படி எத்தனையோ வீடுகள். ஏழரை மணிக்கு அங்கே நடக்கும் கூச்சலுக்குக் காரணத்தை ஏழரையில் தேடினால் கிடைக்காது. காணாமல் போன சாக்ஸ் நேற்று ராத்திரி காணாமல் போனது. பொங்காத மாவு சனிக்கிழமை பொங்காமல் போனது. அதனால் வேனில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போவோம்.

7:45-லிருந்து பின்னால் எண்ணுங்கள்

தெருமுனைக்கு நடக்க ஐந்து நிமிடம், ஷூ, பை, தண்ணீர் பாட்டிலுக்குப் பத்து நிமிடம். ஆக 7:30-க்கு இரண்டு பிள்ளைகளும் சீருடையில் வாசல் பக்கம் நிற்க வேண்டும். சீருடை மாட்ட எட்டு நிமிடம். அதற்கு முன்னால் இருப்பது குளியல், கழிவறை, சாப்பாடு, ஜடை. இந்த நான்கையும் எந்த வரிசையில் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

குளித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்பது பல வீடுகளில் பழக்கம். ஒரே குளியலறை உள்ள வீட்டில், பள்ளி நாளில் மட்டும், சின்னப் பிள்ளைக்கு இதை மாற்றுவது நல்லது. பல் தேய்த்ததும் முதலில் சாப்பாடு, பிறகு கழிவறை, பிறகு குளியல், கடைசியில் சீருடை. இதற்கு இரண்டு காரணம். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும், அடுத்த கால் மணி, அரை மணிக்குள் வெளிக்குப் போகும் உணர்வு வரும். வெறும் வயிற்றில் 'போ, போ' என்று உட்காரவைத்தால் வராது. சட்டை மாட்டி ஷூ கட்டிய பிறகு 'அம்மா, வருது' என்று நிற்பதும், பள்ளியில் போகக் கூச்சப்பட்டு அடக்கி அடக்கி மலச்சிக்கலில் முடிவதும் இதனால்தான். இரண்டாவது காரணம் சாம்பார். வெள்ளைச் சட்டைக்கு முன்னால் சாப்பாடு முடிந்துவிட்டால் மஞ்சள் கறை பற்றிய பேச்சே இல்லை.

பெரியவளுக்கு வரிசை தலைகீழ். அவள் 6:10-க்கு எழுந்து 6:30-க்குள் குளியலறைக்குப் போய் 6:42-க்கு வெளியே வந்துவிடட்டும். பையன் 6:25-க்கு எழுந்து பல் தேய்த்து, 6:40-லிருந்து 7 மணி வரை சாப்பிடட்டும். 7 மணிக்குக் குளியலறை அவனுடையது, 7:20 வரை. அந்த நேரத்தில் அவள் வீட்டு உடையிலேயே ஜடை பின்னிக்கொண்டு சாப்பிட்டு முடிப்பாள். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டாமல் இருந்தாலே வீட்டில் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

எழுப்புவதற்கு ஒரு வழி. சமையலறையிலிருந்து கத்தாதீர்கள். போய் மின்விசிறியை நிறுத்துங்கள், திரையை விலக்குங்கள், பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுங்கள். பிறகு பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு கேள்வி கேளுங்கள்: 'கண்ணா, இட்லிக்குச் சட்னியா, பொடியா?' 'எழுந்திரு' என்றால் போர்வைக்குள் போகிற பிள்ளை இதற்கு 'பொடி' என்று முனகும். முனகிவிட்டால் பாதி எழுந்த மாதிரி.

இந்தக் கணக்கு இரவிலும் தொடர்கிறது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. 6:25-க்கு எழ வேண்டிய பையன் 9 மணிக்குள் தூங்கியிருக்க வேண்டும் என்றால் விளக்கு 8:45-க்கு அணைய வேண்டும், இரவுச் சாப்பாடு 7:45-க்குத் தட்டில் இருக்க வேண்டும். காலையில் எழ அடம்பிடிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லும் முன் முந்தின இரவு விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது என்று பாருங்கள்.

அடுப்பும் டப்பாவும்

இரண்டு பர்னரை வைத்துக்கொண்டு மூன்று வேலை செய்ய முயல்வதுதான் காலைச் சமையலில் நடக்கும் தவறு. 5:50-க்குக் குக்கர் ஏறட்டும், கீழே பருப்பு, மேலே அரிசி. மூன்று விசிலில் அணைத்துவிட்டு அப்படியே விடுங்கள், ஆவி தானாக அடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அவசரத்தில் விசிலைத் தூக்கினால் கஞ்சி பீறிட்டு அடுப்பெல்லாம் வழியும், துடைக்கப் போகும் நேரம் அதைவிட அதிகம். 6:10-க்கு அடுத்த பர்னரில் இட்லிப் பானை. தண்ணீர் கொதித்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும், அதிலிருந்து பத்து நிமிடம். இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு எடுத்தால் ஒட்டாது. ஆறு வயதுப் பையனுக்குப் பொதுவாக இரண்டு, மூன்று இட்லி போதும்.

மதிய டப்பாவில் நடக்கும் பெரிய தவறு, சூட்டோடு மூடுவது. ஆவி மூடியில் நீராகக் கோத்துச் சாதத்தில் சொட்டும், மதியத்துக்குள் சாதம் நசநசத்து வாடை வரும். எலுமிச்சை, புளி, தக்காளி எதுவானாலும் சாதத்தை அகலமான தட்டில் பரப்பி ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம் வைத்து, பிறகு கிளறிக் கட்டுங்கள். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். கொதிக்கும் எண்ணெயில் பிழிந்தால் கசக்கும்.

தயிர்சாதம் புளித்துத் திரும்பி வருகிறது என்றால் அளவு தவறு. ஒரு கப் குழைந்த சாதத்தை மசித்து, காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பால் முக்கால் கப், தயிர் ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன் சேருங்கள். டப்பாவுக்குள்ளேயே தோய்ந்து, மதியம் புளிப்பில்லாமல் இருக்கும். ஜூன் வெயிலில் தயிர் அரை ஸ்பூன் போதும். வெள்ளரிக்காய் நீர் விடும், வேண்டாம். மாதுளை முத்துகள் போடலாம்.

மூடியையும் சோதித்துப் பாருங்கள். பிள்ளை தன் கையால் திறக்க முடிகிறதா? இறுக்கமான மூடி, உரிக்க வேண்டிய பழம் இரண்டும் அப்படியே திரும்பி வரும், ஏனென்றால் சாப்பாட்டு இடைவேளை குறைவு. மூடியின் ரப்பர் வளையத்தை வாரம் இருமுறையாவது கழற்றிக் கழுவி உலர்த்துங்கள், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை அங்கேதான் இருக்கிறது.

அரசுப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளை என்றால் காலைச் சமையலில் ஒரு பங்கு குறையும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாம்பாரோடு சூடாகக் கிடைக்கும். வீட்டில் ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம் போதும். ஆனால் பரிமாறுவது பள்ளி மணி அடிக்கும் முன்பு, அதனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

எரிவாயு தீர்ந்துபோவது எப்போதும் இட்லி பாதி வெந்திருக்கும்போதுதான். புது சிலிண்டர் மாட்டிய தேதியைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதுங்கள். 14.2 கிலோ உங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் வருகிறது என்று மூன்று சிலிண்டரில் தெரிந்துவிடும், பதிவு செய்யும் நாளும் தெரிந்துவிடும்.

ஜடைக்குப் பத்து நிமிடம்

ரெட்டை ஜடை, ரிப்பன் என்றால் காலையில் சிக்கெடுக்கவே நேரம் போய்விடும். இரவே சீவி, தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுப் படுக்கவையுங்கள். பள்ளி நாள் காலையில் தலைக்குக் குளிக்கவே வேண்டாம். ஈரத்தோடு பின்னிய முடி மதியம் வரை உலராமல் வாடை பிடிக்கும். சனி அல்லது ஞாயிறு போதும்.

மிச்சமாகும் நேரத்தை வேறு வேலைக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், முகம் உங்களைப் பார்க்கவில்லை, உங்கள் கை அவள் தலையில். நேருக்கு நேர் கேட்டால் 'ஒண்ணுமில்லம்மா' என்று முடிக்கிறவள், வகிடு எடுக்கும்போது, 'அம்மா, அவ எங்கூட இப்பல்லாம் பேசறதே இல்ல' என்று தானாகச் சொல்வாள். அப்போது சீப்பை நிறுத்தாமல் 'ம்' மட்டும் கொட்டுங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். பின்னுவது அப்பாவாக இருந்தாலும் இதேதான், பின்னல் கோணலாக வந்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

முந்தின இரவு

பையை வீட்டுப்பாடம் முடிந்த கையோடு அடுக்க வேண்டும். நேர அட்டவணையை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளை தானே பார்த்து அடுக்குவாள். 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கைப்படி பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 20 கிலோ பையனுக்கு 2 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே அதில் பாதியைத் தின்றுவிடும். பள்ளியில் நல்ல குடிநீர் இருக்கிறது என்றால் அரை லிட்டர் பாட்டில் கொடுத்து, அங்கே நிரப்பிக்கொள்ளப் பழக்குங்கள்.

'அம்மா, நாளைக்குச் சார்ட் பேப்பர் வேணும்' என்பது ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வரும். ஒரு இழுப்பறையை இதற்கென்றே ஒதுக்குங்கள்: சார்ட் நான்கு, ஏ4 தாள், பசை, பழுப்பு அட்டை, லேபிள், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஆறு, சில்லறையாகப் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள்.

சாக்ஸை ஒரே நிறம், ஒரே வகையில் ஆறு ஜோடி வாங்கினால் ஜோடி தேடும் வேலையே கிடையாது. வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்குப் பூச்சு பி.டி. நாளுக்கு முந்தின மாலையே, காலையில் பூசினால் காயாது, சாக்ஸில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றி, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். மழைக்காலத்துக்கு மூன்று செட் சீருடை வேண்டும், இரண்டு போதாது.

மழை விடுமுறை ஆட்சியர் அறிவித்து வருவது, சில நாள் விடிந்த பிறகுதான் தெரியும். அதை எதிர்பார்த்துச் சமைக்காமல் இருக்காதீர்கள். கட்டிய டப்பாவை வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு யார் விடுப்பு எடுப்பது என்பதை அக்டோபர் தொடக்கத்திலேயே பேசி, ஒருவர் மாற்றி ஒருவர் என்று நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். காலை ஆறரைக்கு, இருவரும் அலுவலகத்துக்குப் பதறும் நேரத்தில், அந்தப் பேச்சு நல்லபடியாக முடியாது.

வேலைப் பங்கீட்டிலும் இப்படித்தான். 'உதவி செய்கிறேன்' என்று வருகிறவர் 'சட்டை எங்க? டை எங்க?' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அது உதவி ஆகாது. அடுப்பு முழுவதும் ஒருவர், பிள்ளைகள் முழுவதும் இன்னொருவர், வாரம் மாற்றி. தாத்தா பாட்டி இருந்தால் நிலையான ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்: 'மாமா, வேன்ல ஏத்திவிடறது மட்டும் நீங்க பார்த்துக்கறீங்களா?' அவ்வப்போது எல்லாவற்றுக்கும் கூப்பிட்டால் அவர்களுக்கு ஓய்வும் இல்லை, உங்களுக்கு நிச்சயமும் இல்லை. ஒற்றை ஆளாகப் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் காலையில் இரண்டு சமையலை ஒன்றாக்குங்கள். வெண்பொங்கலோ தக்காளிச் சாதமோ, தட்டிலும் அதுவே, டப்பாவிலும் அதுவே. அதில் குறை ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை மாவு

ஞாயிறு மாலை அரைத்துத் திங்கள் காலைக்கு நம்பினால், குளிர்ந்த மார்கழியில் மாவு பொங்காமல் ஏமாற்றும். சனி மாலை அரையுங்கள். பொங்கத் தாமதமானாலும் ஞாயிறு காலையில் பொறுத்துக்கொள்ளலாம்.

இட்லி அரிசி 1 கிலோ, முழு வெள்ளை உளுந்து 250 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன். அரிசி நான்கு மணி நேரம், உளுந்தும் வெந்தயமும் இரண்டு மணி நேரம் ஊறட்டும். உளுந்தை முதலில் அரைக்க வேண்டும், குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கிரைண்டரில் அரை மணி நேரம். மாவு சூடானால் உபரி குறையும், இட்லி கல்லாகும். அரிசி மெல்லிய ரவைப் பதம். உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாதியை மட்டும் பெரிய பாத்திரத்தில் வெளியே வையுங்கள், பொங்கப் பாதி இடம் காலியாக இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழியும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் கூட ஆகும். மீதிப் பாதியை அரைத்த உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, செவ்வாய் மாலை ஐந்து, ஆறு மணிக்கு வெளியே எடுத்தால் புதன் காலையில் புது மாவு. முதல் பாதி ஞாயிறு, திங்களில் இட்லி, செவ்வாய் தோசை. இரண்டாவது பாதி புதன் இட்லி, வியாழன் தோசை, வெள்ளி புளித்தால் குழிப்பணியாரம். மொத்தம் அறுபது இட்லிக்கு மேல் வரும் அளவு இது.

உளுந்து பதம் பார்ப்பதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு மாவைப் போட வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும். பஞ்சுபோல மேலே வந்து மிதந்தால், கிரைண்டரை நிறுத்தச் சொல்லிக் கத்துவது அவர்கள் வேலை.