வலிப்பு நோய் உள்ளவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது? சென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வீட்டில் ஒருவருக்கு ஃபிட்ஸ் என்று தெரிந்ததும் மருந்துக்கு முன்னால் வந்து சேருவது அறிவுரைதான். கல்யாணம் செல்லாது, வேலை கிடைக்காது, இன்சூரன்ஸ் எடுக்க முடியாது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இதில் பெரும்பகுதி சட்டத்தில் இல்லாதது. அன்றாட வாழ்க்கையில் சட்டம் உண்மையிலேயே கறாராக இருப்பது வண்டி ஓட்டும் விஷயத்தில்தான். எதை எந்த வரிசையில் செய்வது என்று பார்ப்போம்.

முதல் படி: ஒரு ஃபைல்

சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பார்த்தாலும் சரி, தனியாரிடம் பார்த்தாலும் சரி, ஓ.பி. சீட்டு, இ.இ.ஜி. (மூளையின் மின் பதிவு), எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். அப்புறம் மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். என்ன வகை வலிப்பு, கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, என்ன மாத்திரை, எந்தெந்த வேலைகள் கூடாது என்று அதில் இருக்க வேண்டும். இனி வரும் பல படிகளுக்கு இந்தக் கடிதம்தான் ஆதாரம்.

இரண்டாம் படி: லைசென்ஸ்

மத்திய அரசின் போக்குவரத்துச் சேவை இணையதளமான பரிவாகனில் விண்ணப்பிக்கும்போது படிவம் 1 என்ற சுய உறுதிமொழி வரும். அதன் முதல் கேள்வியே இதுதான்: வலிப்பு நோயோ, எந்தக் காரணத்தாலாவது திடீர் நினைவிழப்போ தலைச்சுற்றலோ உங்களுக்கு உண்டா? ‘இல்லை’ என்று போடச் சொல்லி டிரைவிங் ஸ்கூலிலோ உறவினரோ வற்புறுத்தலாம். தயவுசெய்து போடாதீர்கள். தவறான தகவல் கொடுத்து வாங்கிய லைசென்ஸை மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் ரத்து செய்யலாம். ஓட்டினால் பிறருக்கு ஆபத்து என்று தெரிந்தே உடல்நிலை சரியில்லாமல் ஓட்டினால் 186ஆம் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய் வரை, அடுத்த முறை 2,000 ரூபாய் வரை அபராதம். அபராதத்தை விடுங்கள். அண்ணா சாலை நெரிசலில் பைக் ஓட்டும்போது சில நொடி நினைவு தப்பினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

ஒரு வருஷம் வலிப்பு வராவிட்டால் ஓட்டலாம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது பிரிட்டன் போன்ற நாடுகளின் விதி. நம் சட்டத்தில் அப்படி ஒரு காலக்கெடு இல்லை; எத்தனை வருஷம் வராமல் இருந்தாலும் வலிப்பைக் காரணம் காட்டி லைசென்ஸ் மறுக்கப்படலாம். பல வருஷம் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன், விதி மாற வேண்டும். லைசென்ஸ் மறுக்கப்பட்டால் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் 17ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை மெட்ரோ, மின்சார ரயில், பஸ் என்றே போய்வாருங்கள்.

மூன்றாம் படி: கல்யாணம்

இங்கேதான் பயம் அதிகம், அவசியமோ குறைவு. 1999 வரை இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும், திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர்களைத் தகுதியற்றவர்களாக்கும் வரி இருந்தது, அதுவும் மனநோயோடு சேர்த்து. அந்த ஆண்டு வந்த திருத்தம் வலிப்பை அதிலிருந்து எடுத்துவிட்டது. வலிப்பு தீராத நோயும் இல்லை, மனநோயும் இல்லை, விவாகரத்துக்குக் காரணமாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2023இல் தீர்ப்பு சொன்னது.

ஆனால் மறைத்துக் கல்யாணம் செய்வது வேறு கதை. முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கிவிட்டார்கள் என்று, உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னதோடு நிற்காமல், மருத்துவர் கடிதத்தைப் படம் எடுத்து ‘நேற்று பேசியது இதைப் பற்றித்தான்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பெண் வீட்டாரானாலும் மாப்பிள்ளை வீட்டாரானாலும் இது பொருந்தும்.

நான்காம் படி: வேலை

வலிப்பு உள்ளவர்களை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. விமானி, ரயில் ஓட்டுநர், ராணுவம் போன்றவற்றின் மருத்துவத் தகுதி விதிகள் தனி. ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் என்றால், தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, பகல் ஷிஃப்ட் கேட்டு எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அம்பத்தூர் பட்டறை என்றால் உயரத்திலோ ஓடும் இயந்திரத்தின் பக்கத்திலோ நிற்க வேண்டியிராத வேலை கேளுங்கள். எதைக் கேட்டாலும் எழுத்தில்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளின் பட்டியலில் வலிப்பு என்று தனியாகப் பெயர் இல்லை. கூடவே மூளை முடக்குவாதமோ அறிவுத்திறன் குறைபாடோ இருந்தால் அதற்காக விண்ணப்பிக்கலாம்.

ஐந்தாம் படி: இன்சூரன்ஸ்

மருத்துவ இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் வலிப்பைக் கண்டிப்பாக எழுதுங்கள். ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோயின் செலவை கம்பெனி தராத ஆரம்பக் காலம், இப்போது அதிகபட்சம் 3 ஆண்டுதான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருங்கள்.

பிரச்சினை வந்தால்

15100க்கு அழையுங்கள், இலவசச் சட்ட உதவி எண். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமலே வழக்கறிஞர் கிடைப்பார். நேரில் போக வேண்டுமானால் மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. போகும்போது அந்த ஃபைலும் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.