சதி நாவல்களைச் சந்தேகத்தோடு பேசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரியில் எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் அரசியல் சதி நாவல்களைத்தான் அதிகம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உளவுத்துறை, ரகசிய ஆய்வுக்கூடம், உலகத்தையே ஆட்டிவைக்கிற ஒரு சின்னக் கூட்டம் என்று போகும் வகை. படிக்கட்டும், ஐநூறு பக்கத்துக்கு விறுவிறுப்பு குறையாமல் எழுதுவது லேசான வேலை கிடையாது. ஆனால் அதைச் சந்தேகத்தோடு விமர்சிக்க எழுந்து நிற்கும்போது, எங்கள் செட்டு ஆட்கள் அந்தக் காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுகிறார்கள். கதையை நிஜமென்று நம்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நம்பாதவர்கள் செய்யும் தவறுகள்தான் இங்கே.

"எல்லாம் கட்டுக்கதை" என்று சிரிப்பது

நேதாஜி விமான விபத்தில் சாகவில்லை என்பதை வைத்துப் பின்னிய ஒரு நாவலைப் பற்றி ஒரு பையன் பேசினான். "இதையெல்லாம் எவன் நம்புவான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்காரப் போனான். பின்வரிசையில் இருந்த தமிழாசிரியர் ஐயா, "தம்பி, முகர்ஜி கமிஷன் என்ன சொல்லிச்சு, தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. கூட்டம் அப்படியே ஐயா பக்கம் சாய்ந்துவிட்டது.

நேதாஜியின் சாவை விசாரிக்க மத்திய அரசு அமைத்தவற்றில், 1956-ல் ஷா நவாஸ் குழுவும் 1974-ல் கோஸ்லா கமிஷனும் விபத்தில் இறந்தார் என்றுதான் சொன்னார்கள். 2005-ல் முகர்ஜி கமிஷன் அந்த விபத்தில் சாகவில்லை என்றது, மத்திய அரசு அதை ஏற்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான், நாவல் எந்த இடத்தில் கமிஷனையும் தாண்டி ஓடுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். விபத்தில் சாகவில்லை என்ற கமிஷன், வேறு எங்கே எப்படி இறந்தார் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. நாவல் அந்த இடத்தில்தான் மாளிகை கட்டுகிறது.

முதல் பக்கத்தில் "உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்" என்று போட்டிருந்தால்

அந்தப் பக்கத்தையும் கதையோடு சேர்த்தே படியுங்கள்.

புத்தகப் பக்கத்தின் போட்டோவைப் பார்க்காமலே "போலி" என்பது

இதைப் பார்க்கும்போதுதான் இன்னும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதில் இழப்பது ஒரு வாதத்தை மட்டும் இல்லை.

2020 தொடக்கத்தில் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு படம் சுற்றியது. டீன் கூன்ட்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1981-லேயே எழுதிய நாவலில் 'வூஹான்-400' என்ற கிருமி ஆயுதம் வருகிறது, கொரோனாவை நாற்பது வருடம் முன்பே சொல்லிவிட்டார், ஆகவே எல்லாம் திட்டமிட்ட சதி என்று. பக்கத்தில் மஞ்சள் மார்க்கர் கோடு வேறு. எங்கள் வட்டத்தில் விவரமான ஒருவர், அறிவியல் நன்றாகப் பேசுவார், தன் சொந்தக்காரர்கள் குரூப்பில் யோசிக்காமல் "இது எடிட் பண்ணின போட்டோ, ஃபேக்" என்று போட்டார். பத்து நிமிடத்தில் ஒரு மச்சான் அந்தப் புத்தகத்தையே எங்கிருந்தோ பிடித்து, அட்டையையும் உள்பக்கத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார். வூஹான்-400 அச்சில் இருந்தது. அதன் பிறகு மாஸ்க், தடுப்பூசி என்று இவர் எதைச் சொன்னாலும், "அன்னைக்கும் ஃபேக்னுதானே சொன்னீங்க" என்று ஒரே பதில். சரியான விஷயத்தைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை.

அந்தப் பக்கம் நிஜம். அதன் மேல் எழுதிய தேதிதான் பொய். 1981-ல் வந்த முதல் பதிப்பில் அந்தக் கிருமியின் பெயர் 'கோர்க்கி-400', அதைச் செய்தவர்கள் சோவியத் ஆட்கள். வூஹான் என்ற பெயர் 1989-ல் வந்த பதிப்பில்தான் ஏறியது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம், தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் பின்னால் பொடி எழுத்தில் பதிப்பு வருடம் இருக்கும், போட்டோ அனுப்புகிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பவே மாட்டார்கள். அப்புறம் கதைக்குள்ளும் பாருங்கள்: அந்தக் கிருமி தொற்றியவர் ஒரு நாளைக்கு மேல் பிழைக்க மாட்டார், விதிவிலக்காகப் பிழைப்பது ஒரே ஒரு சிறுவன்தான். கொரோனா அப்படியா இருந்தது? கூடவே சுற்றிய, "2020 வாக்கில் நிமோனியா போன்ற நோய் பரவும்" என்ற இன்னொரு பக்கம் இந்த நாவலே இல்லை. அது சில்வியா பிரவுன் என்ற குறிசொல்லி 2008-ல் வெளியிட்ட வேறு புத்தகம். இரண்டையும் ஒட்டி ஒரே புத்தகம் போல அனுப்பினார்கள்.

இது வாட்ஸ்அப் காலத்து வியாதி என்று நினைக்க வேண்டாம். 1868-ல் ஹெர்மன் கோட்ஷே என்ற ஜெர்மானியர் ஒரு நாவல் எழுதினார். அதில் பிராக் நகரத்து யூதக் கல்லறைத் தோட்டத்தில் யூதத் தலைவர்கள் இரவில் கூடி உலகத்தைப் பிடிக்கத் திட்டம் போடுவதாக ஒரு அத்தியாயம். அது நாவலை விட்டுத் தனியாகப் பிரிந்து, நடந்த சம்பவம் போலத் துண்டுப் பிரசுரமாகச் சுற்றியது. 1903-ல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த 'சீயோன் மூத்தோரின் நெறிமுறைகள்' என்ற போலி ஆவணமும் அதே கற்பனையில் முளைத்ததுதான். அந்த ஆவணம் 1864-ல் வந்த ஒரு பிரெஞ்சு நையாண்டி நூலைப் பார்த்துக் காப்பியடித்தது என்று 1921-ல் லண்டன் டைம்ஸ் பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிரூபித்தது. அதற்குப் பிறகும் நாஜிகள் அதைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்தார்கள். நாவலிலிருந்து ஒரு தாள் கிழிந்து வெளியே போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் சொல்கிறேன், புத்தகம் கைக்கு வரும்வரை "போலி" என்ற வார்த்தையை வாயிலிருந்து விடாதீர்கள். "எந்தப் பதிப்பு?" என்று மட்டும் கேளுங்கள்.

அமெரிக்காவின் பயத்தை அப்படியே இங்கே இறக்குவது

1945-ல் மிச்சிகனில் உள்ள கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில், பல் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்க ஆரம்பித்தார்கள். மக்களை மந்தமாக்க நடக்கிற சதி இது என்று பிற்பாடு ஒரு கூட்டம் கிளம்பியது, கதைகளுக்குள்ளும் அது நுழைந்தது. அப்படி ஒரு கதையைப் படித்துவிட்டு, பென்னாகரம் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, "எங்க அப்பா பல்லுல பழுப்புக் கோடு கோடா இருக்கே, அப்போ உண்மைதானே?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அவள் பார்த்தது நிஜம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல், பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு அளவு, இங்கே பல போர்வெல்களில் தாண்டும். பல்லும் எலும்பும் கெடுவது அதனால்தான். யாரும் கலக்கவில்லை. அதற்கு மாற்றாகக் காவிரித் தண்ணீரைக் கொடுக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013-ல் தொடங்கிவைத்தார்கள். அந்தப் பொண்ணுக்குத் தேவைப்பட்டது இந்த விவரம்.

எழுத்தாளர் எந்தக் கட்சி என்று தோண்டுவது

நாவல் அதோடு மறந்துபோகும். வேண்டாம்.

"இவ்வளவு பேர் எப்படி ரகசியம் காப்பார்கள்?" என்று கேட்டு நிறுத்துவது

அமெரிக்காவின் டஸ்கிகீ என்ற ஊரில் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு முறையான சிகிச்சை தராமல் அமெரிக்க அரசே 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்தது, அவ்வளவு காலமும் பொதுமக்களுக்கு அது தெரியவில்லை. ஆகவே அந்தக் கேள்வி மட்டும் போதாது. ரகசியம் எப்படி உடைகிறது என்று பாருங்கள். வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நிக்சன் தரப்பு ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்த விவகாரம் வெளியே வந்தது ஒரு துண்டு ஒட்டு டேப்பால். கதவு பூட்டிக்கொள்ளாமல் இருக்கத் தாழ்ப்பாளில் ஒட்டியிருந்த டேப்பை, 1972 ஜூன் 17 அதிகாலையில் ஃபிராங்க் வில்ஸ் என்ற காவலாளி பார்த்து எடுத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி ஒட்டியிருந்தது, போலீசுக்குப் போன் செய்தார். இரண்டு வருடத்தில் ஜனாதிபதி நிக்சனே பதவி விலகினார்.

உங்கள் நாவலில் அந்த டேப்பை ஒட்டியவன் யார், பார்த்த காவலாளி யார் என்று தேடுங்கள். சதிகாரர்களில் ஒருவன்கூட ஒரு இடத்திலும் சொதப்பவில்லை என்றால், விமர்சனத்தில் முதலில் அதை எழுதுங்கள், பக்க எண்ணோடும் பதிப்பு வருடத்தோடும்.