கனமான பலகையை டிராக் சாவில் அறுப்பது எப்படி?

சிங்கப்பூர்ச் சாலையோரங்களில் குடை விரித்து நிற்கிறதே தூங்குமூஞ்சி மரம், அதன் பலகையில் சாப்பாட்டு மேசை செய்வது இப்போது பலருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது. வாங்கிய பலகை 65 மி.மீ கனம், 1.8 மீட்டர் நீளம். சுவரோடு ஒட்டும் பக்கத்தை மட்டும் நேராக அறுக்க வேண்டும். டிராக் சா என்றால், டிராக் எனப்படும் நீளமான தடத்தின் மேல் தண்டவாளத்தில் போல ஓடும் வட்ட ரம்பம். என்னுடையதன் பிளேடு 165 மி.மீ விட்டம், அதிகபட்சம் 56 மி.மீ ஆழம் இறங்கும். டிராக்கின் மேல் ஓடும்போது டிராக்கின் உயரம் கழிந்து சுமார் 50தான் மிஞ்சும். அப்படியானால் 65 மி.மீ பலகையை எப்படி அறுப்பது? இரண்டு பக்கத்திலிருந்தும்தான்.

முதலில் இடம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்யாதீர்கள். புதுப்பிப்புப் பணிகளில் இரைச்சலானவற்றுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. அது போக, தூசியும் பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையும் இருக்கின்றன. நான் சுங்கை காடுட்டில் நண்பரின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மரத்தூசி புற்றுநோய் வரவழைக்கக்கூடியது, அதனால் தூசி உறிஞ்சியை மாட்டிய பிறகும் முகக்கவசம் வேண்டும். கண்ணாடி, காதடைப்பானும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து பிளேடு. கருவியோடு வரும் 48 பல் பிளேடு பிளைவுட்டுக்கு அருமை. கனமான மரத்தை நார்ப்போக்கில் அறுக்க அது சரிப்படாது: பற்களுக்கு நடுவே தூள் அடைத்து, சூடேறி, மரத்தைக் கருக்கிவிடும். 12 முதல் 18 பல் உள்ள பிளேடை மாட்டுங்கள். மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பலகையைத் தரையில் விரித்த கெட்டி நுரைப் பலகைமேல் முழுதாகப் படுக்க வையுங்கள். மரத்தைத் தாங்கும் இரண்டு குதிரைக்கால்களுக்கு நடுவே தொங்கவிட்டால், பாதி வெட்டியதும் மரம் தொய்ந்து, வெட்டுத் தடம் மூடி, பிளேடைக் கவ்விக்கொள்ளும். அந்த நொடியில் ரம்பம் உங்களை நோக்கிப் பின்னால் எகிறும். டிராக் சாவில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். சரியாகக் காயாத மரம், தட்டையாகத் தாங்கியிருந்தாலும் உள்ளே இருக்கும் இழுவிசையால் தானாகவே மூடிக்கொள்ளும். அதனால் நான் பாதி தூரம் போனதும் நிறுத்தி, பிளேடு முழுதாக நின்ற பிறகு, காலாவதியான ஈஸி-லிங்க் பயண அட்டை இரண்டைச் சேர்த்து அறுத்த தடத்தில் செருகிவிடுகிறேன். ஆப்பு மாதிரி கச்சிதமாக நிற்கும்.

கோடு போடும்போது மேல்பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். மூலை மட்டம் வைத்து இரண்டு தலைப்பக்கங்களிலும் கோட்டைக் கீழே இறக்கி, அடிப்பக்கத்திலும் சேர்த்துவிடுங்கள். டிராக் எப்போதும் நமக்கு வேண்டிய துண்டின்மேல் இருக்கட்டும்; அதன் ரப்பர் விளிம்பு கோட்டைத் தொட வேண்டும். இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

இனி அறுக்கலாம். ஆழத்தை 3 மி.மீ வைத்து ஒருமுறை முழு நீளத்துக்கும் கீறினால் சிராய் எழாது. அப்புறம் 20, அடுத்து 40. டிராக்கை அசைக்காமல் ஆழத்தை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மோட்டார் முழு வேகம் பிடித்த பிறகே பிளேடை இறக்குங்கள். ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று, இரண்டு கையாலும் பிடித்து, சீராக முன்னே தள்ளுங்கள். சத்தம் கனத்தால் வேகத்தைக் குறையுங்கள். ஓடும்போது பின்னால் இழுக்கவே கூடாது.

என் முதல் முயற்சியைக் கெடுத்தது ரம்பமும் இல்லை, மரமும் இல்லை, வயர்! பின்னால் தொங்கிய வயரும் உறிஞ்சிக் குழாயும் டிராக்கின் முனையில் மாட்டி இழுத்ததில் வெட்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. இப்போது இரண்டையும் தோள்மேல் போட்டுக்கொண்டுதான் தொடங்குகிறேன்.

புரட்டும் இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். தோசை மாதிரி பக்கவாட்டில் புரட்டினால் வேண்டிய துண்டு மறுபக்கம் போய்விடும். டிராக்கை அதன்மேல் வைக்க, நீங்கள் எதிர் முனைக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் தலைமாடு கால்மாடு மாறும்படி புரட்டுங்கள். இடம் வலம் மாறாது. பலகை 40 கிலோவுக்கு மேல் கனக்கும், துணைக்கு ஆள் வேண்டும். அடிக்கோட்டில் டிராக்கை வைத்து மறுபடி 3, 15, பிறகு 27. மீதி 25 மி.மீதானே, அந்தக் கூடுதல் 2 மி.மீ இரண்டு வெட்டும் சந்திப்பதற்கு.

இரண்டும் சந்தித்த இடத்தில் மயிரிழை அளவு படி தெரிந்தால் கவலை வேண்டாம். இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். அதற்குமேல் இருந்தால் கோட்டைக் கீழே இறக்கியபோது மூலை மட்டம் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். அறுத்து விழுந்த பட்டையை வீசிவிடாதீர்கள். அடுத்த முறை பிளேடு 90 பாகையில் நிற்கிறதா என்று முதலில் அதில் ஒரு வெட்டுப் போட்டுப் பார்க்கலாம்.