ஆட்டோ கியர் காரில் பி0720 வந்தால்: சென்சார் வாங்கும் முன்

கியர் உதைத்து விழுகிறது, ஸ்கேனரில் பி0720 என்ற கோளாறு எண் காட்டுகிறது என்றால், உடனே புது சென்சார் வாங்கக் கோயமுத்தூருக்குக் கிளம்பிடாதீங்க. கோளாறு அவுட்புட் ஸ்பீடு சென்சாரின் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் சுழல் வேகத்தை அளப்பது) சர்க்யூட்டில் என்றுதான் அந்த எண் சொல்கிறது. சென்சார் செத்ததாக அல்ல. (பி0715 என்றால் இன்புட், அதாவது என்ஜின் பக்கத்துச் சென்சார்.)

முதலில் ஒயரைப் பாருங்க. தோட்டத்துச் சாளையில் நிற்கிற வண்டி என்றால் எலி கடித்திருக்கும். கனெக்டருக்குள் கியர் ஆயில் கசிவு, பச்சை பூத்த ஊசி (பின்) இருந்தால் சுத்தம் செய்யுங்க.

இரண்டு ஒயர் காயில் (கம்பிச்சுருள்) சென்சார் என்றால் கழற்றி ஓம்ஸ் பாருங்க. பெரும்பாலும் சில நூறு முதல் இரண்டாயிரம் சொச்சம் வரை வரும். சரியான அளவு வண்டியின் மேனுவலில். கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது மட்டும் தகராறு என்றால், சூடாக இருக்கும்போதே அளக்கணும். ஆறினால் காயில் ஒழுங்காகவே காட்டும்.

மூன்று ஒயர் ஹால் சென்சாரில் (காந்தப்புலத்தை உணரும் எலக்ட்ரானிக் வகை) ஓம்ஸ் பார்ப்பது வீண். இக்னிஷன் ஆனில் சப்ளை 5 அல்லது 12 வோல்ட், எர்த் இரண்டும் வருதா பாருங்க. பிறகு, முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்றால், முன்சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் மெதுவாகச் சுற்றினால் சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி இறங்கணும். ஒரு சக்கரத்தை ஆள் பிடித்துக்கணும். இல்லாவிட்டால் டிஃபரன்ஷியலில் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கும் கியர்) அது எதிர்ப்பக்கம் சுற்றும், சிக்னலே வராது.

சென்சார் முனையில் இரும்புத்தூள் அப்பியிருந்தால் துடைங்க. திரும்பத் திரும்ப அப்பினால் வேலை கியர்பாக்ஸுக்குள்.